அமலியின் பையைத் திறந்த நாள்

எங்கள் தேவாலயப் பங்கின் இளைஞர் குழுவுக்கு வருடத்துக்கு ஒருமுறை யாரையாவது பிடித்து மேடையில் நிறுத்தியாக வேண்டும். இந்த வருடம் நான் அகப்பட்டேன். "கீழ இருந்து மேல வந்த கதையச் சொல்லுங்கக்கா. நன்றி மறக்காம இருக்கிறதப் பத்தியும் ரெண்டு வார்த்தை சேத்துக்கங்க" என்றார்கள். முழங்கால் வலி, மழை, பனி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தட்டிக் கழித்தேன். பேச வராமல் இல்லை. வாயை வைத்துத்தான் இவ்வளவு காலம் பிழைத்தேன். ஆனால் நன்றி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அலுப்புத் தட்டிவிடுகிறது. காரணத்தை மேடையில் நின்று சொல்ல முடியாது. உட்கார்ந்து எழுதலாம் என்று தோன்றியது. உட்கார்ந்தால் முழங்காலும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே இருக்கும் ஒரு ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அறை துடைப்பது, படுக்கை விரிப்பது, துணி துவைக்கப் போடுவது, விருந்தாளி விட்டுப்போன பல்செட்டைப் பத்திரமாக எடுத்து வைப்பது எல்லாம் எங்கள் வேலை. சரியாகச் செய்தால் யார் கண்ணிலும் படாது. செய்யாவிட்டால் வரவேற்பறை வரைக்கும் சத்தம் கேட்கும்.

நான் பிறந்தது பட்டறைப்பள்ளத்தில். சரிவில் தகரமும் பலகையுமாக அடித்த வீடுகள். தெரு முழுவதற்கும் ஒரே குழாய். ஆண்கள் காய்கறி மண்டியில் மூட்டை தூக்குவார்கள். பெண்கள் வெள்ளனே எழுந்து வில்பட்டி, பள்ளங்கிப் பக்கம் பூண்டுக் காட்டுக்குக் கூலிக்குப் போவார்கள். சாயங்காலம் கூலியில் பாதி சாராயமாகிவிடும். ஊரில் எங்கே கோழி காணாமல் போனாலும் முதலில் எங்கள் தெருவுக்கு வந்துதான் குழம்பு வாசம் பிடிப்பார்கள். பள்ளத்து ஆள் என்றால் வாடகைக்கு வீடு கிடையாது, கடையில் வேலை கிடையாது. அங்கிருந்து எப்படியாவது ஏறிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இருந்ததில்லை.

என் வீட்டுக்கும் அமலி வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரு தகரம்தான். அவளும் நானும் ஒரே வயது. அவள் எட்டாம் வகுப்போடு நின்று காட்டு வேலைக்குப் போனாள். நான் பன்னிரண்டை முடித்தேன். மதுரையில் ஒரு ஓட்டலில் தங்கிப் பயிற்சி எடுக்க எங்கள் பங்குச் சாமியார் எனக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். ஆனால் அம்மா பக்கவாதத்தில் படுத்துக் கிடந்தாள். அப்பா என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. போக முடியாது என்று குழாயடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அமலி குடத்தை இறக்கி வைத்தாள்.

"ஒங்கம்மாவுக்குக் கஞ்சி நான் ஊத்துறேன். மேலுக்கும் நானே தொடச்சு விட்டுக்கிறேன். நீ கெளம்பு."

"ஒனக்குக் காட்டு வேலை இருக்குல்லடி?"

"அதுக்கு முந்திச் செஞ்சுட்டுப் போறேன். அழுதுக்கிட்டே நிக்காத, கொடத்தத் தூக்கி விடு."

நான் போனேன். பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விரிப்பை உதறினேன், பீங்கானைத் தேய்த்தேன், திட்டு வாங்கினேன், தேர்ந்தேன். திரும்பி வந்தபோது அம்மா உயிரோடு இருந்தாள். படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லை. மாதக் கணக்கில் படுத்துக் கிடப்பவர்களைக் கவனித்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய காரியம் என்று. அன்றைக்கு அமலி கையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் என் தலை தானாகக் குனிந்துவிடும்.

அந்தக் காலத்தில் எங்கள் ஓட்டலில் வேலைக்கு ஆள் எடுப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இருப்பவர் ஒருவர் 'இந்த ஆளுக்கு நான் பொறுப்பு' என்று வாயால் சொல்ல வேண்டும். வந்த ஆள் தப்புச் செய்தால், பொறுப்பேற்றவரின் பேச்சு அதோடு செல்லாது. அவர் கைகாட்டி அப்புறம் யாரும் உள்ளே வர முடியாது. எனக்கு மட்டும் வெளியிலிருந்து சாமியார் பொறுப்புச் சொன்னார், கோயில் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருந்தது. அதனால் நான் கோயில் பிள்ளையாக உள்ளே போனேன், பள்ளத்துப் பிள்ளையாக இல்லை. சம்பளம் நிலைத்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு வில்பட்டி ரோட்டில் ஒரு சிமெண்டு வீட்டுக்குக் குடிபோனேன்.

எங்களுக்கு மேலே இருந்தவர் கிரேஸ் மேடம். பெங்களூரில் பெரிய ஓட்டல்களைப் பார்த்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். நேற்று சேர்ந்த பெண்ணைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். அறையைச் சரிபார்க்க வரும்போது கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார், வருவதே தெரியாது. நேராகப் போய்க் கட்டிலில் மல்லாந்து படுத்துவிடுவார். முதல் தடவை அதைப் பார்த்தபோது மேடத்துக்கு உடம்பு முடியவில்லையோ என்று நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.

"ரோசலி, இங்க வாங்க. பக்கத்துல படுங்க. இப்ப மேல பாருங்க. லைட் கிண்ணத்துல என்ன தெரியுது?"

"பூச்சி மேடம்."

"கெஸ்ட் நின்னுக்கிட்டா தூங்குவாங்க?"

அவ்வளவுதான். அப்புறம் குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்து கதவின் பின்பக்கத்தைப் பார்ப்பார். நாற்காலியில் சாய்ந்து திரைச்சீலையின் அடிமடிப்பைப் பார்ப்பார். ஏதாவது தட்டுப்பட்டால் "ஒன்ஸ் மோர், ப்ளீஸ்" என்பார். அந்த 'ப்ளீஸ்' கன்னத்தில் இரண்டு அறை வாங்கியதற்குச் சமம். கடைசி அறை தயாராகும் வரை தேநீரைத் தொடமாட்டார். நாங்கள் நின்றால் அவரும் நிற்பார். அதனாலேயே அவரை வெறுக்கவும் முடியவில்லை.

அவர் எங்களுக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது வெந்நீர்ப் பையைப் பற்றித்தான். அப்போது அறைகளில் ஹீட்டர் கிடையாது. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ரப்பர் பையில் வெந்நீர் வைக்க வேண்டும். கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு முக்கால் அளவு ஊற்றி, பையைச் சாய்த்து அமுக்கிக் காற்றை வெளியேற்றி, மூடியைத் திருகித் தலைகீழாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். சொட்டு விழவில்லை என்றால் பிளானல் துணியில் தைத்த உறையைப் போட்டு, கம்பளிக்குள் கால்மாட்டில் வைக்க வேண்டும். காலையில் தேநீர் கொண்டுபோகிறவரே பைகளை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிடுவார். பை கவிழ்ந்து தொங்கும். உறைகள் பாய்லரை ஒட்டிய உலர்த்தும் அறைக்குப் போகும். எங்கள் ஊரில் வெயிலை நம்பித் துணி காயப்போட முடியாது. ஆக, வெந்நீர்ப் பை அறைச் சாமானில் சேராது, பாய்லர் அறைச் சாமான். ஓட்டலில் இருந்த எங்கள் எல்லாருக்கும் அப்படித்தான் பழக்கம்.

நான் சூப்பர்வைசரான பிறகு, பள்ளத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது நிற்பார்கள். "எம் மகளச் சேத்து விடு தாயி", "ஒங்க மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை." எல்லாரும் நான் பிறந்ததைப் பார்த்தவர்கள், ஏதோ ஒரு நாள் எனக்குக் கஞ்சியோ பழைய சட்டையோ கொடுத்தவர்கள். ஓட்டலில் கேட்டால் 'அந்தப் பக்கம் வேண்டாம்' என்பார்கள். இந்தப் பக்கம் 'மேல போனதும் மறந்துட்டா' என்பார்கள். வேலையில் வந்த களைப்பு தூங்கினால் போய்விடும். இந்தக் களைப்பு தூங்கியும் போகவில்லை.

அமலி மட்டும் வந்து கேட்டதே இல்லை. அவள் புருஷன் மூட்டையோடு லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்த பிறகுதான் வந்தாள். அப்போதும் பழையதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எடம் இருந்தாச் சொல்லு. இல்லேன்னாலும் சொல்லிரு, நான் பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பி பறிக்கப் போயிருவேன்" என்றாள்.

அன்றைக்கே மேடத்திடம் போய் நான் பொறுப்பு என்று சொன்னேன். ஊர் கேட்டார். மறைக்கவில்லை, பட்டறைப்பள்ளம் என்றேன். மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"மேனேஜ்மெண்ட்டுக்குப் பிடிக்காது. உங்க பேச்சுக்காக எடுக்கிறேன், ரோசலி. இவங்க சரியா இருந்தா அந்தத் தெருவிலேருந்து இன்னும் நாலு பேரை எடுக்கலாம். இல்லேன்னா இதோட முடிஞ்சது. புரியுதா?"

அமலியிடம் அதை அப்படியே சொன்னேன். "அப்ப இது என் சோலி மட்டுமில்ல" என்றாள். அவள் வேலையைப் பார்த்து மேடம் 'ஒன்ஸ் மோர்' சொன்னது குறைவு. பூண்டுக் காட்டில் குனிந்து நிமிர்ந்த உடம்புக்குக் கட்டில் ஒரு பொருட்டா?

மே மாத சீசனில் ஒரு நாள். மதுரைப் பக்கமிருந்து வந்த குடும்பம், கூடவே ஒரு வயதான அம்மாள். ஏரியைச் சுற்றிவிட்டு மத்தியானம் திரும்பியவர்கள், அம்மாளின் தங்கச் சங்கிலியைக் காணவில்லை என்றார்கள். ராத்திரி தலையணைக்கு அடியில் கழற்றி வைத்ததாக அம்மாள் சொன்னார். காலையில் அந்த அறையைச் சுத்தம் செய்தது அமலி.

பொருள் காணாமல் போனால் என்ன செய்வது என்பதற்கும் முறை உண்டு. இரண்டு பேர் சேர்ந்துதான் தேட வேண்டும், விருந்தாளி வாசலில் நிற்க வேண்டும். மேடமும் நானும் தேடினோம். விரிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினோம். தலையணை உறைகளை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினோம். மெத்தையைத் தூக்கி நிறுத்தினோம். குப்பைக் கூடையைப் பழைய செய்தித்தாளில் கொட்டிக் கையால் கிளறினோம். லாண்டரிக்குப் போன மூட்டையைத் திரும்பக் கொண்டுவந்து பிரித்தோம். சங்கிலி இல்லை. அம்மாளின் மகன் வராந்தாவில் நின்றுகொண்டு, "ரூம் கூட்டுறவ எந்த ஊருன்னு விசாரிங்க" என்று சத்தம் போட்டார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மிச்சம் ஒரு வேலை இருந்தது. ஊழியர்கள் வெளியே போகும் வாசலில் சாதாரண நாளில் வாட்ச்மேன் பையைத் தொட்டுப் பார்த்து அனுப்பிவிடுவார். பொருள் காணாமல் போன நாளில், அந்தத் தளத்துச் சூப்பர்வைசர் தன் ஆட்களின் பையைத் தன் கையாலேயே மேசைமேல் கொட்டிக் காட்ட வேண்டும். என் அம்மாவின் மலமூத்திரத்தைச் சுத்தம் செய்தவளுடைய பையில் நான் கைவிட்டுத் தேட வேண்டும். மேடம் பக்கத்தில் நின்றார். பையை வாங்கிக்கொண்டு வாட்ச்மேனைப் பார்த்தேன்.

"தேடுடி. வேற யாரும் தேடுறதுக்கு நீ தேடுறது தேவல" என்றாள் அமலி.

மேசைமேல் வைத்தேன், ஒவ்வொன்றாக. செபமாலை, சீப்பு, மாற்றுச் சேலை, தூக்குவாளி. வாளியைத் திறந்தேன். உள்ளே ஒரு கைக்குட்டை முடிச்சு கனமாக இருந்தது. அதை அவிழ்த்தேன். சோப்புத் துண்டுகள். விருந்தாளிகள் தேய்த்து மிச்சம் வைத்த துண்டுகள், வெள்ளையும் பச்சையுமாக.

வெளியே இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் மேடத்தின் சட்டத்தில் சங்கிலியும் சோப்புத் துண்டும் ஒன்று. அறையில் மிஞ்சியது எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது, அந்தத் துண்டுகள் லாண்டரிக்குப் போக வேண்டும். ரொட்டித் துண்டு எடுத்ததற்கு ஒரு சமையல்காரரையே அனுப்பியிருந்தார். அமலி அந்தத் துண்டுகளை வெந்நீரில் இளக்கி உருண்டையாக்கிப் பள்ளத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அழுக்கு வாடை என்று பள்ளிக்கூட பெஞ்சில் அதுகள் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்களாம்.

"நான் குடுத்தது மேடம்" என்றேன்.

"நீங்களா? எப்போ?" மேடத்தின் குரல் இறங்கியிருந்தது.

"காலையில."

"இல்லீங்க மேடம்" என்றாள் அமலி. "அவ குடுக்கல. நானாத்தான் எடுத்தேன். அவளுக்கு இது தெரியவே தெரியாது. சங்கிலிய நான் கண்ணாலயும் பாக்கல. சோப்ப எடுத்தேன்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் மறுபடி வாயைத் திறந்தேன். சாமான்களைப் பைக்குள் எடுத்து வைப்பதுபோல் அமலி குனிந்து என் காதருகே வந்தாள்.

"வாயப் பொத்துடி. எந் தப்பு என்னோட போகட்டும். ஒன் பேச்ச நம்பித்தான என்னைய உள்ள விட்டாக? அது பொய்யின்னு ஆயிருச்சுன்னா நம்ம தெருவுல இன்னொருத்தி இந்தக் கேட்டத் தாண்டுவாளா?"

நான் சீப்பை எடுத்து அவள் பைக்குள் வைத்தேன். "இன்னைக்கு வரைக்கும் உள்ள சம்பளத்த ஆபீஸ்ல வாங்கிக்கோங்க, அமலி. உண்மையச் சொன்னதுக்கு தேங்க்ஸ்" என்றார் மேடம். "சரிங்க மேடம்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். வீட்டில் புருஷன் படுத்துக் கிடக்கிறான், சீசன் பாதிகூட முடியவில்லை.

சாயங்காலம் வெந்நீர்ப் பை நிரப்பும் நேரத்தில் பாய்லர் அறையிலிருந்து கூச்சல். காய்ந்த உறை ஒன்றைப் பையில் மாட்டப் போன பெண்ணின் கையில் சங்கிலி வந்து விழுந்திருந்தது. ஓடிப்போய் அந்த அம்மாளிடம் காட்டினோம். அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். "கழுத்துல கெடந்தா ஐஸ் கணக்கா குத்துச்சும்மா. தலகாணிக்கு அடியில வச்சேன். அங்கயும் சில்லுன்னு இருக்குமேன்னு தூக்கத்துல எடுத்து, காலுக்கிட்ட இருந்த சுடுதண்ணிப் பைய இழுத்து, அது மேல இருந்த துணிக்குள்ள சொருகிட்டேன் போல." அறையில் இருந்த எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பினோம். காலையிலேயே அறையைவிட்டுப் போனதை யாரும் நினைக்கவில்லை. வெந்நீர்ப் பை பாய்லர் அறைச் சாமான் ஆயிற்றே.

மேடத்திடம் ஓடினேன். "கிடைச்சிருச்சு மேடம். அமலியக் கூப்பிட்டுக்கலாமா?"

"சங்கிலிக்காக நான் அவங்கள அனுப்பல, ரோசலி."

அதற்கு மேல் அந்த மனுஷியிடம் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். "முறைப்படி உங்க பேச்சு இனிமே செல்லக் கூடாது. ஆனா வேலையே போனாலும் அமலி உங்களப் பொய் சொல்ல விடல. அப்படிப்பட்ட ஆளுங்கதான் நமக்கு வேணும். உங்க தெருவிலேருந்து ரெண்டு பேரக் கூட்டிட்டு வாங்க. மேனேஜ்மெண்ட்ட நான் பாத்துக்கிறேன்."

இதை என்னவென்று சொல்வது? உண்மை பேசியவள் தெருவில் நிற்கிறாள். அவள் பேசிய உண்மைக்குக் கதவு திறக்கிறது. அன்று மேடத்தின்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுசாக ஆறவில்லை. அவர் சட்டப்படி அவர் சரிதான். அதனால் ஆத்திரம் போய்விடுமா?

வேலை முடிந்ததும் பள்ளத்துக்கு இறங்கினேன். அமலி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். சங்கிலி கிடைத்ததைச் சொன்னதும், "கெடச்சிருச்சா? பாவம், அந்தம்மா தவிச்சுப் போயிருக்கும்" என்றாள். மேடம் ரெண்டு பேரைக் கூட்டிவரச் சொன்னதைச் சொன்னேன். ஊதாங்குழலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். "மேல வீட்டு ஜோதி இருக்கா. பத்து படிச்சிருக்கா, கை சுத்தம். இன்னொருத்தி... இரு, நான் வெரசா கேட்டுட்டு வந்துர்றேன்." அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்க, அவள் தெருவில் இறங்கி நடந்துவிட்டாள். நான் கரண்டியை எடுத்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உள்ளே படுத்திருந்த அவள் புருஷன், "யாரு புள்ள, அழுகுறது?" என்று கேட்டான்.

அந்த இரண்டு பேர் நாலாகி, நாலு பத்தாகி, பள்ளத்துப் பிள்ளைகள் லாண்டரியிலும் சமையலறையிலும் கடைசியில் வரவேற்பறையிலும்கூட வந்துவிட்டார்கள். தகரம் போய்ப் பல வீடுகளில் காங்கிரீட் வந்தது. இப்போது ஆள் எடுப்பது ஏஜென்சி. வராந்தாவெல்லாம் கேமரா. நான் பொறுப்பு என்று சொல்ல யாரும் தேவையில்லை. நல்லதுதான். அந்தச் சுமை வேறு ஒருத்தி தோளில் ஏற வேண்டாம்.

என் பிரிவுபசார விழாவில் பள்ளத்துப் பிள்ளைகள் எல்லாரும் வந்து பொன்னாடை போர்த்தினார்கள். "அக்கா இல்லேன்னா நாங்க இன்னும் அந்தப் பள்ளத்துலதான் கெடந்திருப்போம்" என்று ஜோதி மைக்கில் அழுதாள். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் நன்றி சொன்னார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உடம்பெல்லாம் வலித்தது.

மறுநாள் பொன்னாடைகளைப் பையில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். அமலி அங்கே தள்ளுவண்டியில் மக்காச்சோளம் சுட்டு விற்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகன் திண்டுக்கல்லில் இருக்கிறான். ஒரு பொன்னாடையை எடுத்து அவள் தோளில் போட்டேன். வழக்கம்போல் என் பார்வை அவள் காலடிக்குப் போனது.

"இதெல்லாம் ஒனக்கு வர வேண்டியதுடி" என்றேன்.

அவள் அதை உருவி மடித்தாள். "அங்கிட்டு வையி, கரி ஒட்டிக்கும்."

"அன்னைக்கு நடந்தத அந்தப் புள்ளைகள்ல ஒருத்திக்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? யாருக்குமே தெரியாது, அமலி. எல்லாம் என்னால வந்ததுன்னு நெனச்சுக்கிட்டுத் திரியுதுக."

"சொல்லி?" கதிரைத் திருப்பிப் போட்டாள். "என்னையப் பாக்கையில எல்லாம் அதுகளும் தலையக் குனியிறதுக்கா? நீ ஒருத்தி குனியிறதே இத்தன வருசமா எனக்குச் சகிக்கல. ஒனக்குச் செஞ்சப்ப நீ என் சேக்காளிடி, கூட வெளையாடுனவ. அதோட சேக்காளி போயிட்டா, கும்புடுறவதான் மிச்சம்."

கதிரில் எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்து என் கையில் கொடுத்தாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நேராகப் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. நன்றாக வயசாகிவிட்டிருந்தது அவளுக்கு.